பெண் வீட்டார் முன்னிலையில் எடுத்த லோடு சர்வே

போன மாதம் எங்கள் வீட்டில் ஸ்மார்ட் மீட்டர் மாட்டினார்கள். கூட வந்திருந்த உதவிப் பொறியாளர் சின்ன வயசுக்காரர். ஓய்வு பெறும் வரை நான் ஆபீஸில் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் இப்போது அவர் உட்கார்ந்திருக்கிறார்.

"இனிமே யாரும் பொய் சொல்ல முடியாது மேடம். கால் மணிக்கு ஒரு தடவை வீட்டுல எவ்ளோ ஓடுதுன்னு ஆபீஸுக்கே போயிடும்" என்றார் பெருமையாக.

"ஏம்ப்பா, நேத்து இன்னா ஓடிச்சுன்னு இது சொல்லும். அஞ்சு வருஷம் கழிச்சு இந்த வீட்டுல இன்னா ஓடப்போவுதுன்னு சொல்லுமா?"

"அதுக்கு சாஃப்ட்வேர் இருக்குது மேடம்."

"அந்த சாஃப்ட்வேர் என்னிக்காவது மாப்பிள்ளை வீடு பார்க்கப் போயிருக்குதா?"

ரிட்டையர் ஆனதில் மேடத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். உட்கார்ந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் கஸ்தூரி. செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு மின்சார உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். என் நைனா கடைசி வரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டினார். நான் பாலிடெக்னிக் முடித்து வேலைக்கு வந்தேன். சேர்ந்த புதிதில், "கம்பம் ஏறத் தெரியுமாம்மா?" என்று கேட்காத ஆம்பிளை கிடையாது. கோபம் வந்து ஒருநாள் ஏறிக் காட்டினேன். அதற்கப்புறம் எல்லாக் கம்பத்துக்கும் என்னையே கூப்பிட்டார்கள். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

எங்கள் வேலையைப் பற்றி வெளியே பலருக்குத் தெரிந்ததெல்லாம், கரண்ட் போனால் திட்டுவதற்கு ஒரு ஆள் என்பது மட்டுமே. இன்னொரு வேலையும் உண்டு. இன்னும் சில வருடம் கழித்து நாட்டுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று டெல்லியில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். எங்கே அனல் நிலையம் கட்டுவது, எங்கே காற்றாலை வைப்பது எல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும். டெல்லிக்குக் கணக்கு மாநிலத்திலிருந்து போகிறது. மாநிலத்துக்கு மாவட்டத்திலிருந்து. மாவட்டத்துக்கு எங்களைப் போன்ற பிரிவு அலுவலகத்திலிருந்து. எங்களுக்கு எங்கிருந்து வருகிறது? யாரோ ஒரு அம்மாவின் வாசலில் நின்று, "வீட்டுல என்னென்ன ஓடுது, புதுசா என்ன வாங்கப் போறீங்க?" என்று கேட்பதிலிருந்து வருகிறது. இதற்கு லோடு சர்வே என்று பெயர். வாசலில் நிற்கிற அம்மா பொய் சொன்னால் டெல்லி வரைக்கும் பொய்தான்.

எல்லா அம்மாவும் பொய்தான் சொன்னார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. உண்மையைச் சொன்னால் பில் ஏறும் என்று பயம். ரேஷன் அரிசி நின்றுவிடும், மாதாமாதம் பேங்கில் விழுகிற பணம் நின்றுவிடும் என்று பயம். பேனாவும் அட்டையுமாக வாசலில் நிற்கிறவள் எதையாவது பிடுங்கிக்கொண்டு போகத்தான் வந்திருப்பாள் என்பது அவர்கள் அனுபவம். அதனால் எங்கே போனாலும் ஒரே பதில்தான்: "ரெண்டு லைட்டு, ஒரு ஃபேனு."

செஞ்சி கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்த கரீம் பாயும் அதையே சொன்னார். சொல்லும்போது கையில் இஸ்திரிப் பெட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பின்னால் மூன்று மெஷின் மோட்டாரில் ஓடிக்கொண்டிருந்தது.

"பாய், கையில இருக்குறது இன்னா?"

"இதுவா? இது நம்மளது இல்லம்மா. மச்சானோடது."

"பின்னால ஓடுற மெஷினு?"

"அதுவும் மச்சானோடதுதான்."

"இதுக்கெல்லாம் கரண்ட்டும் மச்சான் வீட்டுல இருந்துதான் வருதா?"

"உக்காரும்மா மொதல்ல. வெயில்ல வந்திருக்கிற, ஒரு டீ சொல்றேன்" என்றார். டீ வந்தது, பதில் வரவில்லை.

இன்னொரு வீட்டில் ஏ.சி.யை மறைத்துக் காலண்டரைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஜன்னல், கதவு எல்லாம் சாத்தின அறை. இலை அசையாத மத்தியானம். காலண்டர் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "காலண்டருக்கு சாமி வந்திருக்குதாம்மா?" என்று கேட்டேன். அந்த அம்மா சிரிக்காமல் ஆமாம் என்று தலையாட்டினார்.

இதையெல்லாம் கொண்டுபோய் நான் நிற்க வேண்டிய இடம் எங்கள் செயற்பொறியாளர் வேதாசலம் சாரின் அறை. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒல்லியான மனிதர். துவைத்துத் துவைத்து மெலிந்த வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதில் அவருக்கு இருந்த வெறி வேறு யாருக்கும் கிடையாது. நாம் பேசப் பேச எழுந்து போய் ஒரு டியூப்லைட்டை அணைப்பார். இன்னும் கொஞ்சம் பேசினால் ஃபேனை அணைப்பார். ஊருக்கு மின்சாரம் போதவில்லை என்று அவரிடம் சொல்லி முடிக்கிற நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் இருட்டில் வேர்த்து ஒழுகிக்கொண்டு இருப்போம்.

அவர் வாயிலிருந்து முடியாது என்று ஒரு சொல் வந்ததில்லை. சரி என்றும் வந்ததில்லை. எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "பார்ப்போம்மா."

எதிர்காலத் தேவையைக் கணக்கிட அவருக்கு ஒரு வழிமுறை இருந்தது. "போன வருஷம் எவ்வளவும்மா? அதோட கொஞ்சம் கூட்டிக்கோ."

"கொஞ்சம்னா எவ்ளோ சார்?"

"வழக்கமா கூட்டுறதுதான்."

வழக்கமாகக் கூட்டுவது எவ்வளவு என்பதை அவருக்கு முன்னால் இருந்தவர் முடிவு செய்திருந்தார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மேல்மலையனூர்க் கோயிலுக்கு அமாவாசைக்கு ஜனம் கட்டுக்கடங்காமல் வரும். கடைகள், சீரியல் செட்டு, ஜூஸ் மெஷின், மைக் செட்டு என்று லோடு தாறுமாறாக ஏறும். அதைச் சொல்லப் போனேன். அவர் அந்த ஒருநாள் லோடை மாதம் முழுவதற்கும் பிரித்துப் போட்டுப் பார்த்தார். "சராசரியில ஒண்ணும் தெரியலையேம்மா" என்றார். "சார், ஜனங்க சராசரியா வர்றதில்ல, அமாவாசைக்குத்தான் வர்றாங்க" என்றேன். எழுந்து போய் ஃபேனை அணைத்தார்.

மேல்சித்தாமூர்ப் பக்கம் சமணர்களான நயினார் வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். அதனால் அங்கே மிக்ஸியும் கிரைண்டரும் மற்ற ஊர்களுக்கு முன்னாலேயே ஓடி ஓய்ந்துவிடும். உச்ச லோடு ஏன் இந்த ஊரில் மட்டும் சாயங்காலமே வருகிறது என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "மீட்டரை ஒருதடவை செக் பண்ணிடும்மா" என்றார்.

நல்ல மனிதர்தான். அதனால்தான் அவரோடு சண்டை போடவும் முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

இனி ஏரிமேட்டுக்கு வருகிறேன். தொண்டூருக்குப் போகிற வழியில் உள்ளடங்கிய ஊர். ஊருக்கே ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். அதை வைத்த காலத்தில் ஊரில் டி.வி.யே நாலைந்துதான் இருந்திருக்கும். இப்போது கோடை வந்தால் தவறாமல் எரியும். எரிந்த காரணத்தை எழுதுகிற இடத்தில் எங்கள் ஆபீஸில் காலங்காலமாகக் 'காக்கை' என்று எழுதிவிடுவார்கள். ஓவர்லோடு என்று எழுதினால் ஆயிரம் விளக்கம் கேட்பார்கள், காக்கையிடம் யார் விளக்கம் கேட்கப்போகிறார்கள்? ஏரிமேட்டில் செத்ததாக நாங்கள் எழுதின காக்கைகள் உண்மையாக இருந்தால், செஞ்சிக்கோட்டை மேல் பறக்க ஒரு காக்கை மிஞ்சியிருக்காது.

அந்த ஊரில் சேகர் என்று ஒரு பையன். பையன் என்கிறேன், முப்பதைத் தாண்டிவிட்டான். அப்பா இல்லை. அம்மா பச்சையம்மாள். கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுகிறான். உழைப்பாளி, குடி கிடையாது, கலகலப்பாகப் பேசுவான். ஆனாலும் பெண் அமையவில்லை. காரணம் ஜாதகம் இல்லை, எங்கள் டிரான்ஸ்ஃபார்மர்.

"மேடம், மொதல்ல வந்தவங்க ஃபேனைப் போட்டுட்டு கீழ உக்காந்தாங்க. அது சுத்துன லட்சணத்துல பொண்ணோட அப்பா ரெக்கையை எண்ணிட்டாரு மேடம். மூணுன்னு என்கிட்டயே சொன்னாரு" என்றான் ஒருநாள் ஆபீஸுக்கு வந்து. "அடுத்து வந்தவங்க மிக்ஸியைப் போட்டுப் பாத்தாங்க. அது முனகுச்சு. அவ்ளோதான், கலந்து பேசிட்டு சொல்றோம்னு போனவங்கதான். ஒண்ணு புது டிரான்ஸ்ஃபார்மர் போடுங்க. இல்ல, நீங்களே எனக்கு ஒரு பொண்ணைப் பாருங்க."

"பொண்ணு பாக்குறது ஈஸிடா" என்றேன். வேதாசலம் சாரை மனதில் வைத்துத்தான் சொன்னேன்.

சர்வே எடுக்கப் போனேன். எங்கள் ஜீப் ஏரிக்கரையில் திரும்புகிற வரைக்கும் ஊர் ஊராகத்தான் இருக்கும். திரும்பினதும் கிரைண்டர் நிற்கும், ஏ.சி. நிற்கும், மோட்டார் நிற்கும். லைன்மேன் ஏழுமலை கம்பிக்குக் கிடுக்கி மாட்டி எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பதற்குள் ஊரே விரதம் இருக்க ஆரம்பித்துவிடும். "மேடம், இதைப் பாத்தா இந்த ஊர்ல மனுஷங்களே இல்லைன்னு காட்டுது" என்பான் ஏழுமலை. சேகர் வீட்டு வாசலில் பச்சையம்மாள் நின்றுகொண்டு, "ரெண்டு லைட்டு, ஒரு ஃபேனு" என்றார். உள்ளே சேகர் தலையில் அடித்துக்கொண்டான்.

"எம்மா, உள்ளதைச் சொல்லு. சொன்னாத்தான் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் குடுப்பாங்க."

"நீ சும்மா இர்றா. உள்ளதைச் சொன்னா உள்ளதும் போயிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா, உன் புள்ளைக்குக் கல்யாணம் ஆவணுமா வேணாமா?" என்று கத்திவிட்டேன்.

"ஆவணும். அதுக்கும் லைட்டுக்கும் இன்னா சம்பந்தம்?" என்றார் நிதானமாக.

அடுத்த வருடத் திட்டத்தை விழுப்புரத்துக்கு அனுப்ப வேண்டிய கெடு நெருங்கியது. நான் வேதாசலம் சாரிடம் போய் ஏரிமேட்டுக்காகச் சண்டையே போட்டேன். "காகிதத்துல லோடே இல்லையேம்மா, நான் எதை வச்சு எழுதுறது?" என்றார். "நீங்களே வந்து பாருங்க சார். நாலு வீட்டு வாசல்ல நின்னு உங்க காதால கேளுங்க" என்றேன். அவர் வரமாட்டார் என்ற தைரியத்தில்தான் சொன்னேன். என்ன நினைத்தாரோ, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றுவிட்டார். வந்து நின்றால் "ரெண்டு லைட்டு, ஒரு ஃபேனு"தான் கேட்கப்போகிறார். அதோடு ஏரிமேட்டுக் கணக்கு முடிந்தது.

ஆவணி மாதம். வெயில் மட்டும் சித்திரையை விட்டு வர மனசில்லாமல் இருந்தது. ஜீப்பை ஊருக்குள் விட்டதும் சேகர் வீட்டு முன்னால் ஒரு வேன் நிற்பதைப் பார்த்தேன். வாசலில் புதுக்கோலம். உள்ளே புடவைகள். சேகர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. ஓடி வந்தான்.

"மேடம், இன்னிக்கா வரணும்? பொண்ணு வீட்டுல வீடு பாக்க வந்திருக்காங்க. திண்டிவனம் பக்கம். பொண்ணுக்கு என்னைப் புடிச்சிருக்குது மேடம், ஃபோன்ல பேசிக்கினுதான் இருக்குறோம். வீடு மட்டும் அவங்க அப்பாவுக்குப் புடிக்கணும்."

"ஏண்டா முன்னாடியே சொல்லல?"

"கண்ணு பட்டுடும்னு அம்மா யாருகிட்டயும் சொல்ல உடல."

திரும்பிப் போய்விடலாம் என்று நான் வேதாசலம் சாரைப் பார்த்தேன். அவர் அதற்குள் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

கூடத்தில் பெண்ணின் அப்பா கன்னியப்பன் உட்கார்ந்திருந்தார். சொந்த லாரி ஓட்டுகிறவர், பெரிய மீசை. பக்கத்தில் பெண்ணின் அத்தை. அந்த அம்மா ஏற்கெனவே எல்லாக் கதவையும் திறந்து பார்த்து முடித்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. சுவரில் ஏ.சி. இருந்தது. மேலே துண்டு இல்லை, காலண்டர் இல்லை. பளபளவென்று துடைத்து மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். போன தடவை நான் வந்தபோது அந்தச் சுவரில் ஒரு போர்வை காய்ந்துகொண்டிருந்தது.

வேதாசலம் சார் கும்பிட்டார். "அம்மா, நாங்க மின்சார ஆபீஸ்ல இருந்து வர்றோம். வீட்டுல என்னென்ன ஓடுதுன்னு சொன்னீங்கன்னா குறிச்சுக்குவேன்."

பச்சையம்மாளுக்குப் பழக்க தோஷம். யோசிக்கவே இல்லை. "ஒண்ணும் இல்லீங்க சார். ரெண்டு லைட்டு, ஒரு ஃபேனு."

அத்தை சுவரிலிருந்த ஏ.சி.யை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாது?" என்றார் அத்தை. "தரகரு ஏ.சி. இருக்குதுன்னாரு, ஃப்ரிட்ஜு இருக்குதுன்னாரு, இப்ப ரெண்டு லைட்டுன்றீங்க?"

"இருக்குது, இருக்குது" என்றார் பச்சையம்மாள் அவர் பக்கம் திரும்பி.

வேதாசலம் சார் பேனாவை எடுத்தார். "ஏ.சி. இருக்குதாம்மா?"

"இல்லீங்க சார்" என்றார் இந்தப் பக்கம் திரும்பி.

"இல்லையா?" என்றார் கன்னியப்பன்.

"இருக்குது அண்ணே, ஆனா சும்மாதான் மாட்டியிருக்குது..."

"அப்ப ஓடாதா?"

அந்த அம்மா முகத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஓடும் என்றால் ஈ.பி.காரன் எழுதிக்கொள்வான். ஓடாது என்றால் சம்பந்தம் போய்விடும். சேகர்தான் முன்னால் வந்தான்.

"ஓடும் சார். எழுதிக்குங்க. ஏ.சி. ஒண்ணு, ஃப்ரிட்ஜு ஒண்ணு, கிரைண்டரு, மிக்ஸி, ஹீட்டரு. மாட்டுக்கொட்டாயில ரெண்டு ஃபேனு. புல்லு வெட்டுற மெஷினு. எல்லாம் ஓடும்."

பச்சையம்மாள் மகனைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். ஒரு முடிவுக்கு வந்தார். வந்தபிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை.

"அது மட்டும் இல்லீங்க சார். வர்ற வருஷம் மாடி எடுக்கப்போறோம். மேல ரெண்டு ரூமு, ரூமுக்கு ஒரு ஏ.சி. பால் கறக்குற மெஷினு வாங்கப்போறான். போர் இன்னும் ஆழமா போட்டுப் பெரிய மோட்டாரு இறக்குறோம். கரண்ட்டுல ஓடுற வண்டி வாங்குறான், அதுக்கு சார்ஜ் போட வாசல்லயே பிளக்கு வைக்கிறோம். வுட்டுடாதீங்க சார், எல்லாத்தையும் எழுதுங்க."

சர்வீஸ் முழுக்க நான் ஒவ்வொரு வாசலிலும் கெஞ்சிக் கேட்ட கேள்வி இதுதான். ஐந்து வருடம் கழித்து உங்களுக்கு என்ன வேண்டும்? ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. சம்பந்தி ஆகப்போகிறவர் எதிரில் உட்கார்ந்ததும் மடை திறந்த மாதிரி வருகிறது.

"வாஷிங் மெஷின் இருக்குதாம்மா?" என்றார் வேதாசலம் சார், எழுதுகிற வேகத்தில்.

பச்சையம்மாள் தடுமாறினார்.

"அதை நாங்க குடுத்துடுறோம். எழுதிக்குங்க சார்" என்றார் கன்னியப்பன்.

வேதாசலம் சார் எழுதினார். 'வாஷிங் மெஷின் ஒன்று. பெண் வீட்டார் தருவது.'

இதற்குள் அக்கம்பக்கத்து ஜனம் வாசலில் கூடிவிட்டது. எதிர்வீட்டு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "சார், எங்க வீட்டுல இப்பவே ரெண்டு ஏ.சி. இருக்குது" என்றார். பெண் வீட்டார் முன்னால் ஊர்மானம் போகக்கூடாது என்று இன்னொருவர் மாவு மில்லைச் சொன்னார். அடுத்தவர் மகன் வெல்டிங் பட்டறை வைக்கப்போவதைச் சொன்னார். நாங்கள் வீடு வீடாகப் போகவே இல்லை, வீடுகள் எங்களைத் தேடி வந்தன. ஏழுமலை என் காதில், "மேடம், இந்த ஊர்ல இவ்ளோ இருக்குதுன்னு தெரிஞ்சிருந்தா நான் அந்தக் கம்பத்துல ஏறியே இருக்கமாட்டேன்" என்றான்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அத்தை, "எங்க, அந்த ஏ.சி.யைக் கொஞ்சம் போடுங்க பாப்போம்" என்றார்.

சேகர் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். பச்சையம்மாள் அதற்குள் ரிமோட்டை அமுக்கிவிட்டார். ஏ.சி. வாயைத் திறந்தது. எதிர்வீட்டு அம்மா சும்மா இருப்பாரா? வீட்டுக்கு ஓடிப்போய் இரண்டு ஏ.சி.யையும் போட்டார். மாவு மில்காரர் மில்லைப் போட்டார். ஊரே தன் பவுசைக் காட்டியது. கூடத்து ஃபேன் மெதுவானது. இன்னும் மெதுவானது. கன்னியப்பன் நிமிர்ந்து அதன் ரெக்கையைப் பார்ப்பதை நான் பார்த்தேன். தெருமுனையில் டமார் என்று ஒரு சத்தம். எல்லாம் நின்றது.

"காக்கா?" என்றார் வேதாசலம் சார் மெல்ல.

"இல்ல சார். இதான் சார் லோடு" என்றேன்.

கன்னியப்பன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"தம்பி, உன்னைக் குறை சொல்லல. நல்ல பையன்தான். ஆனா நான் பொண்ணை வாஷிங் மெஷினோட அனுப்புறேன், அது இங்க வந்து அதைப் பீரோவா வச்சிக்கினு துணி அடுக்கணுமா?" என்றவர் வேதாசலம் சார் பக்கம் திரும்பினார். "சார், நீங்க பெரிய ஆபீஸரு. நேராவே கேக்குறேன். தையில கல்யாணம்னு பேசிக்கினு இருந்தோம். அதுக்குள்ள இந்த ஊருக்குப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வருமா, வராதா? வரும்னு சொல்லுங்க, நான் கை நனைக்கிறேன். இல்லைன்னா இப்படியே வண்டி ஏறுறேன்."

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிடிக்காத இடத்தில் சோற்றில் கையை வைக்கமாட்டார்கள். கை நனைத்த பிறகு பேச்சு மாறுவது கிடையாது. பின்கட்டில் சமையல் தயாராக இருந்தது. சாம்பார் வாசனை கூடம் வரைக்கும் வந்தது.

எல்லாரும் வேதாசலம் சாரைப் பார்த்தோம். அவர் வாய் திறந்தது. "பார்..." என்று தொடங்கியது. சேகர் தலையைக் குனிந்துகொண்டான். பச்சையம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார், அழவில்லை, ஆனால் பார்க்க முடியவில்லை. வேதாசலம் சார் அந்த அம்மாவை ஒருதடவை பார்த்தார். வாயை மூடினார். மறுபடி திறந்தார்.

"வந்துடும்" என்றார்.

நான் காதைத் தேய்த்துக்கொண்டேன்.

கன்னியப்பன் லேசில் விடுகிற ஆள் இல்லை. "எங்க ஊருக்குப் பாலம் வந்துடும்னு சொல்லாத ஆபீஸர் இல்ல சார். சொல்றது பெருசு இல்ல. நீங்க மொதல்ல கை நனைங்க. அப்புறம் நான் உக்கார்றேன்."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. வேதாசலம் சார் எந்த நுகர்வோர் வீட்டிலும் பச்சைத் தண்ணீர் குடித்தவர் இல்லை. ஆய்வுக்கு எங்கே போனாலும் தயிர்சாத டப்பா கூடவே வரும். வேப்பமரத்தடியில் ஜீப்பை நிறுத்தச் சொல்லித் தனியாகச் சாப்பிடுவார். அன்றைக்கும் டப்பா ஜீப்பில் இருந்தது. என்னைப் பார்த்தார். நான் உதவி செய்யவில்லை, சுவரில் ஏ.சி.யைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் அட்டையையும் பேனாவையும் என்னிடம் கொடுத்தார். முற்றத்துக்குப் போனார். சேகர் சொம்பில் தண்ணீர் ஊற்ற, கையை அலம்பினார். இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பச்சையம்மாள் சோறு போட்டு, முருங்கைக்காய் சாம்பாரை ஊற்றினார். ஊர் மொத்தமும் வாசலில் நின்று பார்க்க, கரண்ட் இல்லாத கூடத்தில் வேர்த்து வழிய, அவர் முதல் கவளத்தை எடுத்து வாயில் போட்டார். கன்னியப்பன் மீசையைத் தடவிக்கொண்டு அடுத்த இலையில் உட்கார்ந்தார். அத்தை, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

ஜீப்பில் அவரோடு திரும்பினேன். செஞ்சி மலை கண்ணில் பட்டதும், "கஸ்தூரி, நான் என்னம்மா பண்ணிட்டேன்?" என்றார்.

"நல்லது பண்ணியிருக்கீங்க சார்."

"பணம் ஒதுக்குறது என் கையில இல்லையேம்மா. மேல இருக்கிறவர் முடியாதுன்னுட்டா, அந்தப் பையன் முகத்துல எப்படி முழிக்கிறது?"

மறுநாளே விழுப்புரம் போனோம். கூப்பிடாமல் மேலதிகாரி அறைக்கு அவர் போனது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். மேற்பார்வைப் பொறியாளர் கறாரான ஆள். ஏரிமேட்டுத் தாள்களைப் புரட்டினார். புருவம் ஏறியது.

"வேதாசலம், போன வருஷம் வரைக்கும் இந்த ஊர்ல லோடே இல்லைன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. இப்ப மாடி, போரு, வெல்டிங் பட்டறைன்னு வானத்துக்குப் போகுது. இது என்ன? 'வாஷிங் மெஷின் ஒன்று, பெண் வீட்டார் தருவது.' இதையெல்லாம் நான் சென்னைக்கு அனுப்ப முடியுமா? எத்தனையோ ஊரு வரிசையில நிக்குது. இந்த ஊருக்கு முன்னுரிமை குடுக்க ஒரே ஒரு காரணம் சொல்லுங்க."

நான் முந்தின ராத்திரி உட்கார்ந்து காரணங்களை வரிசையாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன். எரிந்த டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு ஆன செலவு, மோட்டார்களின் திறன், வீடுகளின் வளர்ச்சி. வேதாசலம் சார் அதில் ஒன்றையும் சொல்லவில்லை. கையைப் பார்த்துக்கொண்டார்.

"சார், நான் அந்த வீட்டுல கை நனைச்சுட்டேன்."

மேற்பார்வைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். வீட்டில் கட்டிக்கொடுத்த பெண்கள் இருந்தார்கள்.

"நீங்களா? சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன் சார். மறுசோறும் வாங்கிட்டேன்."

எனக்கு ஏனோ கண் கலங்கியது. மேற்பார்வைப் பொறியாளர் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பேனா மூடியைத் திறந்தார்.

"கல்யாணம் எப்ப?"

"தையில சார்."

"அப்ப மார்கழிக்குள்ள டிரான்ஸ்ஃபார்மரை ஏத்திடுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.